தானத்தோஸ் என்றால் 'பிரிவு' தானா?

(திரையில்: கறுப்புப் பின்னணி. ஏழு கிரேக்க எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.)

'கிரேக்க மூலபாஷையில் தானத்தோஸ் என்றால் பிரிவு என்று அர்த்தம்.'

சபைக்குப் போகிற பழக்கம் உள்ளவர் என்றால் இந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு நிற்கவில்லை, 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்கிற ரோமர் 6:23க்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் 'மரணம் = பிரிவு' என்று எழுதியும் வைத்தேன். அந்தப் பென்சில் குறிப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதை ஏன் அழிக்க வேண்டும் என்பதுதான் இந்த வீடியோ.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். தானத்தோஸ் என்றால் சாவு. அவ்வளவுதான். உள்ளே பூட்டி வைத்த ரகசியம் ஒன்றும் இல்லை. ஏதென்ஸ் நீதிமன்றம் கி.மு. 399ல் சாக்ரடீஸுக்கு விதித்தது தானத்தோஸ். போரில் விழுந்தவனுக்கு வந்ததும் தானத்தோஸ், வயதாகிப் படுக்கையில் போனவருக்கு வந்ததும் தானத்தோஸ். சந்தையில் மீன் விற்கிறவர் முதல் தத்துவம் பேசுகிறவர் வரை எல்லோர் வாயிலும் புழங்கிய சாதாரணச் சொல்.

அப்படியானால் 'பிரிவு' எங்கிருந்து வந்தது? சாவு என்றால் என்ன என்ற கேள்விக்கு, உடலைவிட்டு ஆத்மா பிரிவது என்று பிளேட்டோ விளக்கம் சொன்னார். அது ஒரு நிகழ்வுக்குத் தரும் விளக்கம், சொல்லின் பொருள் அல்ல. மழை என்றால் என்ன என்று கேட்டால், நீராவி குளிர்ந்து கீழே விழுவது என்று பதில் சொல்லலாம். அதற்காக அகராதியில் மழை என்ற சொல்லுக்கு நேரே 'குளிர்தல்' என்று எழுத மாட்டோம்.

சரி, வேதத்திலேயே அந்தக் கருத்து இல்லையா? இருக்கிறது. 'ஆவியில்லாத சரீரம் செத்ததாயிருக்கிறது' என்று யாக்கோபு 2:26 சொல்கிறது. ஆனால் அங்கே வரும் கிரேக்கச் சொல் தானத்தோஸ் இல்லை, நெக்ரோஸ். செத்தது, பிணம் என்று பொருள். எபேசியர் 2:1ல் 'பாவங்களினாலும் மரித்தவர்களாயிருந்த உங்களை' என்பதும் நெக்ரோஸ்தான். கெட்ட குமாரன் கதையில் தகப்பன் 'என் குமாரனாகிய இவன் மரித்தான்' என்கிறாரே, அதுவும் நெக்ரோஸ். தேவனைவிட்டுத் தூரமாய்ப் போனவன் செத்தவனுக்குச் சமம் என்று பிரசங்கிக்க வசனங்கள் தாராளமாக இருக்கின்றன. அந்தப் பிரசங்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதை ஒரு கிரேக்கச் சொல்லின் தலையில் கட்டுவதுதான் பிரச்சினை.

இதில் ஒரு வேடிக்கை. நம் தமிழ் வேதாகமத்தில் சாவைப் பற்றிப் பேசும்போது 'பிரிந்து' என்ற சொல் வருகிற இடங்கள் உண்டு. 'தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு', பிலிப்பியர் 1:23. 'நான் தேகத்தைவிட்டுப் பிரியும் காலம் வந்தது', இரண்டாம் தீமோத்தேயு 4:6. இரண்டிலும் தானத்தோஸ் கிடையாது. முதலாவதில் இருப்பது அனாலூவோ என்ற வினை, இரண்டாவதில் அதன் பெயர்ச்சொல் அனாலூசிஸ். கட்டை அவிழ்ப்பது என்று பொருள். கரையில் கட்டிய கப்பலின் கயிற்றை அவிழ்த்துப் புறப்படுவதற்கும் அந்த வினையைச் சொல்வார்கள். 'தேகத்தைவிட்டு' என்பது தமிழில் விளக்கத்துக்காகச் சேர்த்தது, கிரேக்கத்தில் இல்லை. ஆக, பிரிவு வருகிற இடத்தில் தானத்தோஸைக் காணோம்.

இன்னும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். தானத்தோஸ் வருகிற வசனங்களில் மரணத்தை எடுத்துவிட்டுப் பிரிவைப் போடுங்கள். 'பட்டயத்தினாலும், பஞ்சத்தினாலும், பிரிவினாலும்...' ஏதோ சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது, இல்லையா? இந்த வசனத்துக்குத் திரும்ப வருவோம், இதற்குள் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது.

(திரையில்: சிவப்பும் கறுப்புமான பழைய கிரேக்க மண்கலயம். சிறகு முளைத்த இருவர் ஒரு வீரனின் உடலைத் தூக்குகிறார்கள்.)

இந்தக் கலயத்தைப் பாருங்கள். ஏறத்தாழ கி.மு. 515ல் யூஃப்ரோனியோஸ் என்ற ஓவியர் வரைந்தது. இத்தாலியில் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுக்கப்பட்டு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, 2008ல் இத்தாலிக்குத் திரும்பியது. படத்தில் செத்துக் கிடப்பவன் சர்ப்பேடோன், டிராய் போரில் விழுந்த வீரன். அவனைத் தூக்குகிற இருவரும் இரட்டைச் சகோதரர்கள். ஒருவன் ஹிப்னோஸ், அதாவது உறக்கம். மற்றவன் தானத்தோஸ். இந்தக் காட்சி ஹோமரின் இலியத்தில் 16ஆம் காண்டத்தில் வருகிறது. இருவரும் இரவு என்னும் தேவியின் பிள்ளைகள் என்று ஹீசியட் என்ற கிரேக்கக் கவிஞர் சொல்கிறார். கி.மு. 438ல் ஏதென்ஸில் அரங்கேறிய யூரிப்பிடீஸின் நாடகம் ஒன்றில் தானத்தோஸ் பாத்திரமாகவே மேடைக்கு வருகிறான். ஹெராக்ளீஸ் அவனோடு மல்லுக்கட்டி ஒரு பெண்ணை மீட்டுக்கொண்டு வருகிறான்.

இப்போது இந்தக் கலயத்தை மனதில் வைத்துக்கொண்டு யோவான் 11ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள்.

லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று செய்தி வருகிறது. 'இந்த வியாதி மரணத்துக்கு ஏதுவாயிராமல்' என்று இயேசு சொல்கிறார். மூலத்தில் தானத்தோஸ். ஆனால் லாசரு செத்துத்தான் போகிறான்! சொன்னவர் இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். அப்புறம் சீஷர்களிடம், 'நம்முடைய சிநேகிதனாகிய லாசரு நித்திரையடைந்திருக்கிறான்' என்கிறார். சீஷர்கள், தூங்கினால் நல்லதுதானே, சுகமாகிவிடுவான் என்கிறார்கள். காய்ச்சல்காரன் தூங்கினால் வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் அதுதானே. அங்கே யோவான் கதையை நிறுத்தி, வாசகருக்காக ஒரு குறிப்பு எழுதுகிறார், 13ஆம் வசனம்: 'இயேசுவானவர் அவனுடைய மரணத்தைக்குறித்து அப்படிச் சொன்னார், அவர்களோ நித்திரைசெய்து இளைப்பாறுகிறதைக்குறித்துச் சொன்னாரென்று நினைத்தார்கள்.'

அந்த ஒரே வசனத்தில் மரணம் என்பது தானத்தோஸ், நித்திரை என்பது ஹிப்னோஸ். கலயத்தில் இருந்த இரட்டையர் இருவரும் ஒரே வரியில். யோவான் புராணத்தை நினைத்து எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் எல்லோரும் பேசுகிற சொற்கள். ஆனால் உறக்கத்தையும் சாவையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்களாகப் பார்த்துப் பழகிய கிரேக்க வாசகர் ஒருவர் இந்த இடத்தில் ஒரு கணம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். சீஷர்களுக்கு வந்த குழப்பம் அந்த இரட்டையரில் யார் எவர் என்ற குழப்பம். கடைசியில் இயேசு மறைப்பில்லாமல் 'லாசரு மரித்துப்போனான்' என்று சொல்ல வேண்டியதாகிறது.

இறந்தவரை உறங்கினார் என்று சொல்வது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்தது அல்ல. ஹோமரிலேயே ஒரு வீரன் விழுந்ததும் 'வெண்கல உறக்கம் உறங்கினான்' என்று வருகிறது. அது எழுப்ப முடியாத உறக்கம். புதிய ஏற்பாடு அதே வினையை எடுத்து, எழுப்பப்போகிற உறக்கமாக மாற்றுகிறது. கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானைக்கூட 'நித்திரையடைந்தான்' என்றே அப்போஸ்தலர் 7:60 எழுதுகிறது. கல்லெறிபட்ட ஒருவனுக்கு இவ்வளவு மென்மையான சொல்! கொய்மேத்தேரியொன் என்றால் கிரேக்கத்தில் படுத்துறங்கும் அறை. கல்லறைக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஆதிச்சபையார். ஆங்கிலத்தின் செமெட்டரி அதிலிருந்து வந்ததுதான். நம் ஊர்ச் சபைகளின் துக்க அறிவிப்பில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அச்சாவதும் இதே வரிசை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதலாம் தெசலோனிக்கேயர் 4:14. 'இயேசுவானவர் மரித்து பின்பு எழுந்திருந்தாரென்று விசுவாசிக்கிறோமே. அப்படியே இயேசுவுக்குள் நித்திரையடைந்தவர்களையும்' என்று போகிறது. விசுவாசிகள் நித்திரையடைகிறார்கள். இயேசு மரித்தார். ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள். அவருடைய சாவை உறக்கம் என்று புதிய ஏற்பாடு ஓரிடத்திலும் மென்மையாக்குவதில்லை. பிலிப்பியர் 2:8ல் பவுல் தானத்தோஸ் என்ற சொல்லை அடுத்தடுத்து இரண்டு முறை வைக்கிறார்: 'மரணபரியந்தம், அதாவது சிலுவையின் மரணபரியந்தமும்.' எபிரெயர் 2:9 அவர் மரணத்தை ருசிபார்த்தார் என்கிறது.

(திரையில்: அலெக்சாந்திரியாவின் வரைபடம்.)

சரி, அந்தப் பட்டயமும் பஞ்சமும். அதற்கு முதலில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போக வேண்டும்.

அங்கேதான் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி எபிரெய வேதம் கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டது. செப்துவஜிந்த் என்று சொல்கிறோம். எபிரெயத்தில் சாவுக்கு மாவெத் என்ற சொல். அதற்குத் தானத்தோஸ் போட்டார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் கொள்ளைநோய்க்கு எபிரெயத்தில் தெவெர் என்று வேறு சொல் இருக்கிறது. அதற்கும் பல இடங்களில் தானத்தோஸ் என்றே எழுதிவிட்டார்கள்! யாத்திராகமம் 9:3ல் எகிப்தின் மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வந்தது தமிழில் 'மகா கொடிதான கொள்ளைநோய்'. கிரேக்கத்தில் 'மிகப் பெரிய தானத்தோஸ்'. எசேக்கியேல் 14:21ல் நான்கு தண்டனைகள் வரிசையாக வருகின்றன: பட்டயம், பஞ்சம், துஷ்டமிருகங்கள், கொள்ளைநோய். அந்தக் கொள்ளைநோயும் கிரேக்கத்தில் தானத்தோஸ். இந்த வழக்கு மறையவில்லை. இன்றைய கிரேக்க மொழியிலும் கொள்ளைநோய்க்குத் தானத்திகோ என்று ஒரு சொல் இருக்கிறது.

இனி வெளிப்படுத்தல் 6:8. நான்காவது குதிரை. 'அதின்மேல் ஏறியிருந்தவனுக்கு மரணம் என்று பெயர். பாதாளம் அவன்பின் சென்றது.' அதன் பிறகு, 'பட்டயத்தினாலும், பஞ்சத்தினாலும், சாவினாலும், பூமியின் துஷ்டமிருகங்களினாலும்' கொல்ல அதிகாரம் கொடுக்கப்பட்டது. எசேக்கியேலின் அதே நான்கு. மரணம் என்பவன் சாவினால் கொல்வான் என்றால் என்ன அர்த்தம்? நெருப்பு நெருப்பால் எரித்தது என்பது போல இருக்கிறது. ஆனால் எசேக்கியேலைப் பக்கத்தில் வைத்தால் தெளிந்துவிடும். இரண்டாவது தானத்தோஸ் கொள்ளைநோய்.

தமிழில் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பில் குதிரைமேல் இருப்பவன் 'மரணம்', கொல்லும் கருவி 'சாவு'. இந்த மொழிபெயர்ப்பு 1871ல் ஹென்றி பவர் என்ற மிஷனரியின் தலைமையில் முடிந்த மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. இரண்டும் ஒன்றல்ல என்று மொழிபெயர்த்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். கொள்ளைநோய் என்று துணிந்து போட்டிருக்கலாம், போடவில்லை. ஆனால் சொல்லை மாற்றி ஒரு கண்ணைச் சிமிட்டியிருக்கிறார்கள். தமிழுக்குச் சாவும் உண்டு, மரணமும் உண்டு என்ற வசதி இங்கே கைகொடுத்திருக்கிறது.

தமிழுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஆதியாகமம் 2:17ல் எபிரெயம் சாவு என்ற வினையை இரட்டித்து அழுத்திச் சொல்கிறது. கிரேக்கத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் மொழிபெயர்த்தவர்கள் 'தானத்தோஸால் சாவீர்கள்' என்று கொஞ்சம் முடமாகச் சொல்லிவைத்தார்கள். தமிழில்? 'சாகவே சாவாய்.' எபிரெயனே கேட்டாலும் தலையாட்டுவான். 'வரவே வரமாட்டேன்' என்று தினமும் பேசுகிற நமக்கு இது தானாக வருகிறது. வெளிப்படுத்தல் 2:23ல் 'தானத்தோஸில் கொல்லுவேன்' என்று இருப்பதையும் தமிழ் 'கொல்லவே கொல்லுவேன்' என்றே ஆக்கியிருக்கிறது. அதுவும் கொள்ளைநோயாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் இங்கே தமிழ் ஓசையில் ஜெயித்து, பொருளில் ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது.

செப்துவஜிந்த் விட்டுச்சென்ற இன்னொரு தடத்தைக் காட்டாமல் என்னால் இருக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்போஸ்தலர் 2:24, பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கம். 'தேவன் அவருடைய மரண உபாதியின் கட்டை அவிழ்த்து, அவரை எழுப்பினார்.'

உபாதி என்றால் வேதனை. அதற்கு எப்படிக் கட்டு வரும்? கிரேக்கத்தில் இருப்பது 'தானத்தோஸின் பிரசவ வேதனைகளை அவிழ்த்து' என்பது. வேதனையை யாராவது அவிழ்ப்பார்களா? சங்கீதம் 18:4க்குப் போங்கள்: 'மரணக்கட்டுகள் என்னைச் சுற்றிக்கொண்டது.' எபிரெயத்தில் கயிற்றுக்கு ஒரு சொல், பிரசவ வேதனைக்கு ஒரு சொல். இரண்டுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே, உயிர் ஒலியில்தான் வித்தியாசம். பழைய எபிரெய எழுத்தில் உயிர்க்குறிகளே கிடையாது. கிரேக்கத்துக்குக் கொண்டுபோனவர் கயிறு என்று படிக்க வேண்டியதை வேதனை என்று படித்தார். அந்தக் கிரேக்கச் சங்கீதத்தின் சொல் லூக்கா எழுதிய பிரசங்கத்துக்கும் வந்தது. ஆனால் 'அவிழ்த்து' என்ற வினை கயிற்றை நினைவில் வைத்திருக்கிறது.

தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டையும் விடவில்லை. உபாதியும் இருக்கிறது, கட்டும் இருக்கிறது. அடுத்த வரியிலேயே 'அவர் மரணத்தினால் கட்டப்பட்டிருக்கக்கூடாதிருந்தது'. கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளையைத் தாய் பிடித்துவைக்க முடியாதது போல, சாவால் அவரை உள்ளே வைத்திருக்க முடியவில்லை என்று பிரசவ வேதனையை அப்படியே எடுத்துப் பொருள் சொல்பவர்களும் உண்டு. ஒரு வாசிப்புப் பிசகிலிருந்து இப்படி ஒரு உவமை! பிசகு என்று சொல்லவே மனம் வரவில்லை.

பவுலைத் தொடாமல் இதை முடிக்க முடியாது. புதிய ஏற்பாட்டில் தானத்தோஸ் ஏறக்குறைய 120 முறை வருகிறது. ரோமர் நிருபத்தில் மட்டும் 22. அந்த 22ல் ஒன்றே ஒன்று முதல் அதிகாரத்தில். மீதி 21ம் 5 முதல் 8 வரையுள்ள நான்கு அதிகாரங்களுக்குள் குவிந்து கிடக்கின்றன. அங்கே சாவு ஒரு நிகழ்ச்சியாக இல்லை, ஆளாக இருக்கிறது. 'மரணமானது ஆதாம்முதல் மோசேவரைக்கும்... ஆண்டுகொண்டது' என்பதில் உள்ள வினை ராஜாவாக ஆட்சி செய்வதைக் குறிப்பது. சாவை ஆளாகப் பார்க்க நமக்கு எமன் இருக்கிறார், எருமையோடும் பாசக்கயிற்றோடும். மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பெயர் பக்கமே போகவில்லை. போயிருந்தால் வசனத்துக்குள் ஒரு முழுப் புராணமே நுழைந்திருக்கும்.

ராஜா என்றால் படை உண்டு, படை என்றால் சம்பளம் உண்டு. 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்பதில் சம்பளத்துக்கு மூலச்சொல் ஒப்சோனியா. சிப்பாய்க்குக் கொடுக்கும் படி. ஒப்சோன் என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் மீன், கறி போன்றவை. சாப்பாட்டுக் காசாகத் தொடங்கிப் படைச் சம்பளமாகிவிட்டது. லூக்கா 3:14ல் யோவான்ஸ்நானகன் சிப்பாய்களிடம் 'உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்' என்கிறாரே, அதே சொல். தமிழில் சம்பளத்தைச் சம்பா என்றும் அளம் என்றும் பிரித்து நெல்லும் உப்பும் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியான வேரா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை, ஆனால் பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. 1995ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் இதே வசனம் 'பாவத்துக்குக் கிடைக்கும் கூலி சாவு' என்று இருக்கிறது. சாவு என்று பச்சையாகச் சொன்னது எனக்குப் பிடிக்கிறது. கூலியைவிடச் சம்பளம்தான் மேல். கூலி அன்றைக்கு வேலை முடிந்ததும் கைக்கு வரும், சிப்பாயின் சம்பளம் சேவகம் நீடிக்கிறவரை வந்துகொண்டே இருக்கும்.

என் பென்சில் குறிப்பு இந்த வசனத்தின் பக்கத்தில்தான் இருந்தது. மரணம் என்ற சொல்லைத் தோண்டிக்கொண்டிருந்ததில், பக்கத்தில் இருந்த சம்பளத்தை நான் பார்க்கவே இல்லை.

முதலாம் கொரிந்தியர் 15:55, சுருக்கமாக. 'மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?' பழைய கையெழுத்துப் பிரதிகளில் இரண்டு இடத்திலும் தானத்தோஸ்தான், பிற்காலப் பிரதிகளில் ஒன்று பாதாளமாகிவிட்டது. கூர் என்பது கென்ட்ரோன். தேளின் கொடுக்கும் அதுதான், மாட்டைக் குத்தி ஓட்டும் தார்க்கோலின் முள்ளும் அதுதான். 'முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்' என்று பவுலே ஒருமுறை கேட்ட முள்.

'இரண்டாம் மரணம்' வெளிப்படுத்தல் புத்தகத்தில் மட்டும் நான்கு முறை வருகிறது. அதற்குள் இறங்கினால் இன்னொரு வீடியோ ஆகிவிடும். ஒன்று மட்டும்: 20:14ல் அக்கினிக்கடலில் தள்ளப்படுவது மரணமும் பாதாளமும். ஆறாம் அதிகாரத்தில் குதிரையில் வந்த அதே இருவர்.

கடைசியாக, பென்சிலை எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்த வேண்டிய ஓரிடம். தமிழில் மரணம் என்று இருக்கிறது, ஆனால் கிரேக்கத்தில் தானத்தோஸ் இல்லை. லூக்கா 9:31, மறுரூப மலை. மகிமையோடே காணப்பட்ட இருவர், 'அவர் எருசலேமிலே நிறைவேற்றப்போகிற அவருடைய மரணத்தைக்குறித்துப் பேசினார்கள்.' அங்கே மரணத்துக்கு லூக்கா எழுதிய சொல் எக்ஸொதோஸ். வெளியே போகும் வழி, புறப்பாடு. எகிப்தைவிட்டு ஜனங்கள் புறப்பட்ட கதைக்குக் கிரேக்க வேதத்தில் வைத்த பெயர் அதே எக்ஸொதோஸ்தான், நாம் யாத்திராகமம் என்கிறோம்.

(திரையில்: மலையுச்சி. மூன்று உருவங்கள்.)

அந்த மலையில் நின்று அவரிடம் எக்ஸொதோஸைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவர் எலியா. மற்றவர் மோசே.